பாட்டில் இருக்கிறார்கள்... பட்டியலில் இல்லை!

கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு ஒன்றில் சரணத்துக்கு முன்னால் ஷெனாய் எழும்பி வந்தால், "எம்.எஸ்.வி. எம்.எஸ்.வி.தான்யா" என்று சொக்கிப்போகிறோம். சரிதான். மெட்டு எம்.எஸ். விஸ்வநாதனுடையது. ஆனால், அந்த ஷெனாயை ஊதியவர் சத்யம். அக்கார்டியன் என்றால் மங்களமூர்த்தி. புல்லாங்குழல் நஞ்சப்பா, கிடார் பிலிப், டிரம்ஸ் நோயல் கிராண்ட். அறுபதுகளில் ரேடியோ கேட்டு வளர்ந்தவர் யாராக இருந்தாலும் இவர்களுடைய விரலையும் மூச்சையும் ஆயிரம் முறை கேட்டிருப்பார். இவர்கள் பெயரைக் கேட்டவர்கள் சொற்பம்.

தமிழ்த் திரையிசையின் கதையை எழுத உட்கார்ந்தால் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் என்று மூன்று பேரோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர்களோடு அதே கூடத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசித்த முப்பது பேரையும் ஐம்பது பேரையும் யாரென்று கேட்பதில்லை. அவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருக்கிறவர்களில் பலர் எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் பெரம்பூரிலும் பரங்கிமலையிலும், பிள்ளைகள் வேலை பார்க்கும் வெளியூர்களிலும் அவர்கள் வாழ்கிறார்கள். வாழ்நாள் முழுக்க வாசித்துத் தீர்த்தவர்கள் திரும்பிப் பார்க்கும்போது சொல்வதைக் கேட்டு எழுதிவைக்க நமக்கு அதிக காலம் இல்லை. இந்தக் கட்டுரையே அந்த அவசரத்தில் எழுதப்படுவதுதான்.

அவர்களுடைய நினைவு ஓடும் வழியே வேறு. நமக்கு ஒரு பாட்டு என்றால் நடிகர், படம், பார்த்த தியேட்டர், அப்போது படித்த வகுப்பு. அவர்களுக்கு அது ஸ்டூடியோவும் மைக்கும் பக்கத்து நாற்காலியும். ஏவி.எம். ஆர்.ஆர். தியேட்டரில் எடுத்ததா, பானுமதி அம்மாவின் பரணி ஸ்டூடியோவில் எடுத்ததா, விஜயாவிலா, பிரசாத்திலா என்பது சட்டென்று வரும். எந்த ஸ்ருதி, எத்தனையாவது டேக்கில் ஓகே ஆனது, முதல் பிஜிஎம்மில், அதாவது பாட்டின் இடையிசையில், தனக்கு எத்தனை பார் வந்தது, அன்றைக்கு செல்லோ வாசித்தவர் யார் என்பதும் வரும். படத்தின் பெயர்தான் வராது. வராததற்கு நியாயமான காரணம் உண்டு. பாட்டுப் பதிவு நடக்கும் நாளில் பல படங்களுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். இன்ன கம்பெனி, இன்ன தேதி, இத்தனை மணிக்கு என்றுதான் அழைப்பு வரும். வாசித்தார்கள், சம்பளம் வாங்கினார்கள், அடுத்த ஸ்டூடியோவுக்கு ஓடினார்கள். அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தபோது, அதில் தான் வாசித்திருப்பதை டீக்கடை ரேடியோவில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

இதனால்தான் இவர்களை வெறுமனே பேட்டி எடுத்தால் போதாது. பாட்டைப் போட்டுக் காட்டி, கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டும். பாட்டு ஓட ஓட அவர்கள் வாயிலிருந்து பெயர்கள் வரும்.

ஒருவர் தவறினால் அத்தனை பேரும்

இன்றைக்குப் பாடகர் தனியாக வந்து நாலு வரி பாடிவிட்டுப் போகலாம். வயலின்கள் வேறொரு நாளில், வேறொரு நாட்டில்கூடப் பதிவாகலாம். அறுபதுகளில், எழுபதுகளின் பெரும்பகுதியில் அப்படி இல்லை. பாடுகிறவர், வாசிக்கிறவர்கள், நடத்துகிறவர் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் இருக்க வேண்டும். பாடகருக்கு ஓரமாக ஒரு கண்ணாடி அறை. மற்றவர்கள் வெளியே. மைக்குகள் சில. எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நாற்காலி போடும் இடமே தீர்மானித்தது. டிரம்ஸ் தள்ளிப் போகும், புல்லாங்குழல் மைக்கை ஒட்டி வரும். தன் பிட் வரும்போது எழுந்து மைக் அருகே போய் வாசித்துவிட்டு, சத்தம் கேட்காமல் திரும்பி வந்து உட்காரவும் பழகியிருந்தார்கள்.

மானிட்டர் என்ற ஒத்திகை முடிந்து "டேக்" என்று குரல் வந்துவிட்டால் அந்த நாலு நிமிடம் அத்தனை பேருக்கும் பொது. மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் ஒரு ஸ்வரம் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். முழுப் பாட்டும் நன்றாக வந்துகொண்டிருக்கும். கடைசிச் சரணத்துக்கு முன்னால் தனியாக வாசிக்க வேண்டியவருக்குக் கை வியர்த்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட நாள்கள்தான் அறுபது ஆண்டுகள் கழித்தும் மறப்பதில்லை. பரிசும் பாராட்டும் பெற்ற நாள்களைவிட, தன்னால் ஒரு டேக் போய்விடக் கூடாதே என்று நடுங்கிய நாள்களைத்தான் மூத்த கலைஞர்கள் துல்லியமாகச் சொல்கிறார்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். இசை அவர்களுக்கு முதலில் பொறுப்பாக இருந்தது. மகிழ்ச்சி அந்தப் பொறுப்பு முடிந்த பிறகு வந்தது.

இத்தனை திறமையும் எங்கிருந்து வந்தது? பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலைப் பகுதிகளின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்து டிரம்ஸும் டிரம்பெட்டும் கிடாரும் வந்தன. சர்ச் பாடகர் குழுக்களில் வளர்ந்தவர்கள் ஸ்டாஃப் நொட்டேஷனோடு வந்தார்கள். கர்நாடக சங்கீத வீடுகளிலிருந்து வயலினும் வீணையும் மிருதங்கமும் வந்தன. நாகஸ்வர, தவில் மரபிலிருந்து வந்தவர்கள் உண்டு. நாடகக் கம்பெனியில் ஆர்மோனியமும் தபேலாவும் வாசித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் ஏராளம். அண்ணா சாலையில் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடை இவர்களில் பலருக்கும் தெரிந்த இடம். வாத்தியம் வாங்கவும், பழுது பார்க்கவும், லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதவும் அங்கேதான் போனார்கள். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்துவிட்டு வந்தவர்கள் ஒரு தலைமுறையே இருந்தது. சாதியும் மதமும் மொழியும் வேறு வேறாக இருந்தவர்கள் ஒரே ஸ்டாண்டில் ஒரே தாளைப் பார்த்து வாசித்தார்கள். கோடம்பாக்கம் சாதித்ததில் இதற்கு ஓர் இடம் உண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மை காயாத தாள்

1976-ல் இளையராஜாவின் இசையில் 'அன்னக்கிளி' வந்த பிறகு வேலை செய்யும் முறை மாறியது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலத்தில் ஆர்மோனியத்தில் பிறந்த மெட்டை, கோவர்த்தனம், ஹென்றி டேனியல் போன்ற உதவியாளர்கள் வாத்தியக் குழுவுக்கு வகுத்துக் கொடுப்பார்கள். ஒருவர் ச ரி க ம-வில் குறித்துக்கொள்வார், இன்னொருவர் ஐந்து கோட்டில் எழுதிக்கொள்வார். இளையராஜா தானே தாளில் முழு ஸ்கோரையும் எழுதினார். அவர் எழுதி முடித்த பக்கம் உடனே பிரதி எடுப்பவர்களிடம் போகும். அங்கிருந்து முதல் வயலினுக்கு ஒரு தாள், இரண்டாம் வயலினுக்கு ஒரு தாள், வியோலா, செல்லோ, குழல் என்று பிரிந்து ஸ்டாண்டுக்கு வரும். வாசிப்பவர் அந்த இசையை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்கிறார். இரண்டு மூன்று ஒத்திகை, பிறகு டேக். மதியத்துக்குள் பாட்டு முடிந்துவிடும்.

வயலினில் வி.எஸ். நரசிம்மன், பாஸ் கிடாரில் சசிதரன், டிரம்ஸில் புருஷோத்தமன், கிடாரில் சதானந்தம், கீபோர்டில் விஜி மானுவல், குழலில் நெப்போலியன் என்கிற அருண்மொழி, சிதாரில் ஜனார்த்தன் என்று இந்த வரிசையில் உட்கார்ந்தவர்களைப் பற்றி ரசிகர்கள் இப்போது கொஞ்சம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். 1981-ல் வந்த 'ராஜபார்வை' படத்தில் கமல்ஹாசன் பார்வையற்ற வயலின் கலைஞராக நடித்தார். ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிப்பதுதான் அந்தக் கதாபாத்திரத்தின் தொழில். திரையில் கேட்கிற வயலின் நரசிம்மனுடையது. வாத்தியக்காரர்களின் வாழ்க்கையைக் கதாநாயகனுக்குக் கொடுத்த தமிழ்ப் படம் அபூர்வம். அதற்காகவே அந்தப் படத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை. நரசிம்மன் பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவைத் தொடங்கி, கர்நாடக ராகங்களை மேற்கத்திய ஹார்மனியோடு மேடையேற்றினார்.

பாட்டைவிடக் கடினமானது பின்னணி இசை. ரீரெக்கார்டிங் என்பார்கள், சுருக்கமாக ஆர்.ஆர். ஆயிரம் அடி ரீல் ஒன்று திரையில் ஓடப் பதினோரு நிமிடம். அந்த ரீலை ஒரு முறை போட்டுப் பார்த்ததும் இசையமைப்பாளர் எழுதுவார். பிறகு ரீல் மறுபடி ஓடும்போது, கதவு திறக்கிற இடத்தில் செல்லோ, அவள் திரும்பிப் பார்க்கிற இடத்தில் குழல் என்று கணக்குத் தப்பாமல் விழ வேண்டும். திரையைப் பார்ப்பது நடத்துநரின் வேலை. வாசிக்கிறவர்களுக்குத் தாளும் அவர் கையும்தான். படத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததும் உண்டு. கண்ணீர் வரவழைத்த காட்சி எது என்று கேட்டால், "நாங்க எங்க சார் படத்தைப் பார்த்தோம், தாளைத்தான பார்த்தோம்" என்பது இந்தத் துறையில் சகஜமான பதில்.

கூலி கேட்கக் கற்றுக்கொடுத்தவர்

எம்.பி. சீனிவாசனைத் தமிழர்கள் 'பாதை தெரியுது பார்' படத்தின் இசையமைப்பாளராகக் கொஞ்சம் அறிவார்கள். மலையாளிகள் இன்னும் அதிகமாக அறிவார்கள். இடதுசாரி இயக்கத்திலிருந்து வந்த எம்.பி.எஸ்., திரையிசை வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று முன்னின்று அமைத்தவர். பேசிய சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லாமல், வேலை நேரத்துக்கு வரையறை இல்லாமல் கிடந்த ஒரு தொழிலில் உறுப்பினர் அட்டை, கால்ஷீட், நிர்ணயித்த ஊதியம் என்ற ஒழுங்கு அந்தச் சங்கத்தின் மூலம் வந்தது. 1988-ல் லட்சத்தீவில், பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் அவர் காலமானார். மூத்த கலைஞர்கள் வீட்டில் அந்தப் பழைய உறுப்பினர் அட்டை இன்னமும் பத்திரமாக இருக்கும். வீடு கட்டியதும் மகளைக் கட்டிக்கொடுத்ததும் அந்த அட்டையால்தான்.

பிறகு, பதிவுக்கு அழைக்கும் போன் அடிப்பது குறைந்தது.

1986-ல் 'புன்னகை மன்னன்' போன்ற படங்களில் சீக்வென்சரும் சிந்தசைசரும் புகுந்தன. 1992-ல் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் 'ரோஜா' வந்தது. ரஹ்மானை இந்த விஷயத்தில் வில்லனாக்கிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமல்ல. அவரே அந்த நாற்காலிகளிலிருந்து எழுந்து வந்தவர். ஒன்பது வயதில் தந்தை ஆர்.கே. சேகரை இழந்து, குடும்பத்துக்காகக் கீபோர்டு வாசிக்க ஸ்டூடியோவுக்கு வந்த சிறுவன். கேசட், சி.டி. உறைகளில் வாசித்தவர்களின் பெயரை அச்சிட்டு அதை ஒரு பழக்கமாகவே ஆக்கியவரும் அவர்தான். மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு மனிதர் அல்ல, செலவுக் கணக்கு. நாற்பது வயலின் கேட்கிற இடத்தில் ஒரு கீபோர்டு போதும் என்றானபோது தயாரிப்பாளர்கள் போட்ட கணக்கு அது. தனித்தனி டிராக்கில் பதிவு செய்ய முடிந்ததும், கூட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் தேவையும் போயிற்று. வந்த சிலரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, க்ளிக் சத்தத்துக்குத் தனியாக வாசித்துவிட்டுப் போனார்கள்.

அப்போது ஐம்பது வயதில் இருந்தவர்களின் கதைதான் மனத்தை அறுக்கிறது. கை நன்றாக ஓடுகிற வயது. ஓய்வு பெற்றதாக யாரும் கடிதம் கொடுக்கவில்லை, வழியனுப்பு விழாவும் நடக்கவில்லை. வாரம் ஆறு நாள் வேலை மூன்று நாள் ஆனது, பிறகு மாதம் இரண்டு நாள், பிறகு இல்லை. சிலர் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சிலர் கல்யாண வரவேற்பு மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு சேர்ந்து, தாங்களே ஒரிஜினலில் வாசித்த பிட்டைப் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு முன்னால் மறுபடி வாசித்தார்கள். கேட்டுக்கொண்டு சாப்பிட்டவர்களுக்கு, ஒரிஜினலே இவர்தான் என்று தெரியாது.

உடம்பு வைத்திருக்கும் கணக்கு

வாசிப்பது நின்றாலும் உடம்பு அதை விடுவதில்லை. வயலின்காரரின் இடது தாடைக்குக் கீழே கட்டை அழுத்திய இடம் கறுத்துத் தடித்திருக்கும். தந்தி வாத்தியக்காரரின் இடது கை விரல் நுனிகளில் காய்ப்பு இருக்கும். விட்டுவிட்டுப் பல மாதம் ஆனால் காய்ப்பு உரிந்துவிடும். மறுபடி எடுத்தால் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு வலிப்பதைப் போலவே வலிக்கும். குழல் வாசிப்பவருக்குப் பல் போவது பெரிய இழப்பு. பல் செட் கட்டிக்கொண்டாலும் உதட்டின் பிடி பழையபடி வருவதில்லை. பித்தளை வாத்தியங்களுக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குக் காது முதலில் போகிறது.

ஆனால் நினைவு இருக்கிறது. அல்சைமர் நோயில்கூட, பல காலம் பழகிய இசை மற்ற நினைவுகளைவிட நெடுநாள் தங்குகிறது என்று மூளையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மருந்தை எடுத்தோமா இல்லையா என்று குழம்புகிறவர், ஐம்பது வருடத்துக்கு முந்தைய பிஜிஎம்மை மேசையில் விரல் தட்டி முழுதாக வாசித்துக்காட்டுவது அதிசயமில்லை. அந்த விரல்களிடம்தான் நாம் இன்னும் கேட்காத வரலாறு இருக்கிறது. ஏனென்றால் வேறெங்கும் அது இல்லை. வாசித்த தாள்களைப் பதிவு முடிந்ததும் காப்பாற்றி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இருக்கவில்லை. அந்தக் காலத்துப் படங்களின் டைட்டிலில் பெயர் வராது. இசைத்தட்டு உறையிலும் வராது. இன்று போனில் பாட்டுக் கேட்கும் செயலிகளிலும் பெரும்பாலும் அதே மூன்று பேர்தான்.

பெயர் வராதது மனவருத்தம் மட்டுமல்ல, சட்டப்படியான இழப்பும்கூட. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினுடையது. பாடுகிறவர், வாசிக்கிறவர் போன்ற கலைஞர்களின் உரிமை 1994 திருத்தத்தில்தான் அதில் நுழைந்தது. இவர்கள் இரவு பகலாக வாசித்த நாள்களில் அப்படி ஓர் உரிமை சட்டத்திலேயே இல்லை. 2012 திருத்தம், கலைஞரின் பங்களிப்பு வணிகத்துக்குப் பயன்பட்டால் அவருக்கு ராயல்டி உண்டு என்றது. அதே திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்களிப்பு போகிற போக்கில் அமைந்ததாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலிலோ வேறெங்குமோ அவர் பெயர் வரவில்லை என்றால், அவரை அந்த உரிமைகளுக்குரிய கலைஞராகக் கொள்ள வேண்டியதில்லை. தன் வாசிப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை மட்டும் மிஞ்சும். ஒரு பாட்டையே தூக்கி நிறுத்திய ஷெனாயைப் 'போகிற போக்கில் அமைந்தது' என்று எந்த நியாயவானும் சொல்ல மாட்டார். ஆனாலும், பெயர் போடாததுதான் இங்கே தொழில் வழக்கம் என்பதை நினைத்தால், அந்த வரி எந்தப் பக்கம் சாயக்கூடும் என்பது புரியும்.

மற்ற ஊர்கள் இதைக் கொஞ்சமாவது சரி செய்திருக்கின்றன. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் பெரும்பாலான வெற்றிப் பாடல்களுக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவினரின் பெயர், 1971-ல் மார்வின் கே ஆல்பத்தின் உறையில்தான் முறையாக வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் கிடார் வாசித்த டாமி டெடெஸ்கோவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், மகன் டென்னி 1996-ல் கேமராவை எடுத்தார். அப்பாவையும் அவருடைய பழைய கூட்டாளிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவிட்டார். மறு ஆண்டே அப்பா போய்விட்டார். 'தி ரெக்கிங் க்ரூ' என்ற அந்த ஆவணப்படம் 2008-ல் திரைவிழாக்களுக்கு வந்தது. மும்பைக்கு கிரகரி பூத் என்ற பேராசிரியர் கிடைத்தார். இந்தித் திரையிசையின் வாத்தியக் கலைஞர்களைத் தேடிப் போய்ப் பேசி, அவர்கள் வாய்மொழியாகவே ஒரு பெரிய புத்தகத்தை 2008-ல் வெளியிட்டார்.

சென்னைக்கும் அப்படி ஒன்று வேண்டும். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமோ, இசைப் பல்கலைக்கழகமோ, கலைஞர்களின் சங்கமோ கையில் எடுத்தால் ஓராண்டில் நல்ல தொடக்கம் கிடைக்கும். பழைய சம்பளப் பதிவேடுகள், கால்ஷீட் தாள்கள் எங்காவது இருந்தால் முதலில் அவற்றைக் காப்பாற்ற வேண்டும். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்க, 81 வயதில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார் இளையராஜா. அவரும் ஒரு காலத்தில் கிடாரும் காம்போ ஆர்கனும் வாசிக்க அழைக்கப்பட்டவர்தான். அன்றைக்குத் தமிழ்நாடு பெருமைப்பட்டது. அதே தலைமுறையின் மற்றவர்களைத் தேடிப் போவதற்கு விமானம்கூட ஏற வேண்டியதில்லை. வடபழனி வரை பஸ்ஸில் போகலாம்.

அரசும் அமைப்புகளும் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்பதால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பெரியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பழைய பாட்டுகளை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். ஒவ்வொன்றாகப் போடுங்கள். அதில் என்ன வாசித்தார், எந்த ஸ்டூடியோ, இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்று கேட்டுத் தேதியிட்டு எழுதுங்கள், அவர் குரலையும் பதிவு செய்யுங்கள். காது மந்தமாக இருந்தால் ஹெட்போன் கொடுங்கள். பெயர்களை முழுப் பெயராகக் கேளுங்கள், இனிஷியலையும் விடாதீர்கள்.